உங்களுக்குத் தெரியுமா? பெட்டி போச்சு, சாவி வந்தாச்சு!

★ இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படம் ஒன்று 35 எம்.எம். ஃபிலிமில் 13,500 அடி நீளம் வரும். நிமிடத்துக்கு 90 அடி ஓடும் என்ற கணக்கு. பிரித்துப் போட்டால் நான்கு கிலோமீட்டரைத் தாண்டும். தூக்கிப் பார்த்தால் சுமார் 30 கிலோ. அதைத் தகர டப்பாக்களில் சுருட்டி வைத்து, டப்பாக்களைப் பெட்டியில் அடுக்கி, ரயிலிலோ பஸ்ஸிலோ ஏற்றி அனுப்புவார்கள். ரிலீஸ் அன்று ரசிகர்கள் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, மேளதாளத்தோடு தியேட்டருக்குக் கொண்டுபோனது இந்தப் பெட்டியைத்தான். இன்று அதே படம் கையடக்க ஹார்ட் டிஸ்க்கில் வருகிறது. பல தியேட்டர்களுக்கு அதுகூடத் தேவையில்லை. மொட்டை மாடி டிஷ் ஆன்டெனா வழியாகவே இறங்கிவிடுகிறது. மாலை போட ஆள் இருக்கிறார்கள், வாங்கிக்கொள்ளப் பெட்டி இல்லை. கட் அவுட்டுக்கு ஊற்றும் பால் அதிகமானதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ!

★ ஒரு பிரின்ட் போட அரை லட்ச ரூபாய் அளவுக்குச் செலவான காலத்தில், தயாரிப்பாளர்கள் எண்ணி எண்ணித்தான் பிரின்ட் போட்டார்கள். முதலில் சென்னை, மதுரை, கோவை. அங்கே ஓடித் தேய்ந்தது பிறகு தாலுகா ஊருக்குப் போகும். கோடு விழுந்து, ஒட்டுப் போட்டு, கடைசியாக டூரிங் டாக்கீஸுக்கு. ஏ, பி, சி சென்டர் என்று விநியோகஸ்தர்கள் வைத்த பெயர் இந்த வரிசையிலிருந்து வந்ததுதான். பக்கத்துப் பக்கத்து ஊர்த் தியேட்டர்கள் ஒரே பிரின்ட்டைப் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. இங்கே ஓடி முடிந்த ரீல் சைக்கிளில் அங்கே பறக்கும். சைக்கிள் பஞ்சரானால் அங்கே வெறும் திரையும் விசில் சத்தமும்தான்.

டிஜிட்டல் வந்ததும் இந்த ஏற்றத்தாழ்வு போனது. சென்னைக்காரர் பார்க்கும் அதே படத்தை, அதே நாளில், கோடு விழாத அதே தரத்தில் கடைக்கோடி ஊர்க்காரரும் பார்க்கிறார். நல்லதுதான். ஆனால் படம் ஊர் ஊராக நடந்து சம்பாதிக்கும் அவகாசமும் கூடவே போய்விட்டது. எல்லா ஊரிலும் ஒரே நாளில் வந்தால் எல்லா ஊரிலும் ஒரே வாரத்தில் தீர்ப்பு. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. இப்போது மூன்று வெள்ளிக்கிழமைகளைப் பார்த்துவிட்டாலே சக்சஸ் மீட் வைத்துவிடுகிறார்கள்.

★ படம் தியேட்டருக்கு வந்து சேர்ந்துவிட்டது, சர்வரில் ஏற்றியாகிவிட்டது. ஓட்டலாமா? முடியாது. கோப்பு முழுக்கப் பூட்டப்பட்டிருக்கும். திறக்கத் தனியாக ஒரு சாவி வர வேண்டும். கே.டி.எம். என்று சினிமாக்காரர்கள் சொல்வது இதைத்தான். சில கிலோபைட் அளவே உள்ள சின்னஞ்சிறு கோப்பு. இந்தத் தியேட்டரில் உள்ள இந்த சர்வருக்கு, இத்தனாம் தேதி இத்தனை மணியிலிருந்து இத்தனாம் தேதி இத்தனை மணி வரை என்று அதில் எழுதியிருக்கும். பக்கத்து ஸ்கிரீன் சர்வரில் போட்டால் திறக்காது. நேரம் முடிந்தால், படம் உள்ளேயே இருந்தும் ஓடாது.

அதிகாலை ஐந்து மணிக்கே தியேட்டர் வாசலில் நின்று, பத்து மணி வரை காத்து, காட்சி ரத்து என்று கேட்டுத் திரும்பிய அனுபவம் தமிழ் ரசிகர்கள் பலருக்கும் உண்டு. பெரும்பாலும் விஷயம் இதுதான்: தயாரிப்பாளருக்கும் ஃபைனான்ஸியருக்கும் கணக்குத் தீரவில்லை, அதனால் சாவியை விடவில்லை. 'பெட்டி வரல' என்ற வசனம் இப்போது 'கே.டி.எம். வரல' ஆகியிருக்கிறது. சண்டை மட்டும் பழையது. ஃபிலிம் காலத்தில் லேப் லெட்டர் என்று ஒன்று இருந்தது. கடன் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் நெகட்டிவையோ பிரின்ட்டையோ வெளியே விட மாட்டோம் என்று ஃபிலிம் லேப் எழுதிக் கொடுக்கும் கடிதம் அது. அன்று பொருளைப் பிடித்து வைத்தார்கள். இன்று பொருளைக் கொடுத்துவிட்டு அனுமதியைப் பிடித்து வைக்கிறார்கள். கீழே வரும் துணுக்குகளில் பாதி, ஏதோ ஒரு விதத்தில், இந்த மாற்றத்தைப் பற்றியவைதான்.

★ அமெரிக்காவின் பெரிய ஸ்டூடியோக்கள் 2002-ல் ஒன்றுகூடி ஓர் அமைப்பை உருவாக்கின. டிஜிட்டல் படம் எப்படி இருக்க வேண்டும் என்று அது 2005-ல் வெளியிட்ட விதிகள்தான் இன்றைக்கும் உலகத் தியேட்டர்களுக்கு வேதம். 2கே என்றால் குறுக்கே 2,048 புள்ளிகள். 4கே என்றால் 4,096. ஒரு விநாடிக்குச் சேமிக்கக்கூடிய தகவலுக்கு 250 மெகாபிட் உச்சவரம்பு. அந்த உச்சத்திலேயே ஓடினால் இரண்டரை மணி நேரப் படம் 280 ஜி.பி. தாண்டும். யூடியூப் வீடியோ போல முந்தைய காட்சியை வைத்து அடுத்ததை ஊகிக்கும் சிக்கனமெல்லாம் இதில் கிடையாது. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் இருபத்து நான்கும் தனித்தனிப் புகைப்படங்கள். அந்த 24 என்ற எண்ணிக்கை மட்டும் ஃபிலிமிலிருந்து அப்படியே வந்தது.

★ புரொஜெக்டருக்குள் என்ன நடக்கிறது? கண்ணாடிகள் ஆடுகின்றன. ஒரு 2கே சிப்பில் 22 லட்சம் குட்டிக் கண்ணாடிகள். ஒவ்வொன்றும் தலைமுடித் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். திரை பக்கம் சாய்ந்தால் வெளிச்சம், மறுபக்கம் சாய்ந்தால் இருட்டு. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சிப்புகள். விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இந்தக் கண்ணாடிகள் சாய்ந்து நிமிர்வதைத்தான் நாம் ஹீரோவின் என்ட்ரி என்று பார்க்கிறோம். 1987-ல் இதைக் கண்டுபிடித்தவர் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக். 2015-ல் அவருக்கு ஆஸ்கர் சிலையே கிடைத்தது. ஒரு படத்தில்கூட வேலை பார்க்காத இயற்பியல்காரருக்கு!

★ 1999 ஜூன் 18. 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் 'எபிசோட் ஒன்று' அமெரிக்காவில் நான்கே தியேட்டர்களில் ஃபிலிம் இல்லாமல் ஓடியது. 2011-ல் நாட்டின் எல்லாத் தியேட்டர்களையும் டிஜிட்டலாக்கிய முதல் நாடு நார்வே. 2013-ல் ஃபியூஜி நிறுவனம் சினிமா ஃபிலிம் தயாரிப்பதை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 'ஆங்கர்மேன் 2'-தான் பாரமவுன்ட் அமெரிக்காவில் 35 எம்.எம். பிரின்ட் போட்ட கடைசிப் படம் என்று செய்தி வந்தது. நூறாண்டுப் பழக்கம் பதினைந்தே ஆண்டில் முடிந்தது. காரணம் கலை ரசனை ஒன்றுமில்லை. அங்கே ஒரு பிரின்ட்டுக்கு 2,000 டாலர் வரை ஆன இடத்தில் டிஜிட்டல் பிரதிக்கு 100 டாலர் போதும்.

★ இந்தியாவில் இந்த மாற்றத்தின் தலைமையகங்களில் ஒன்று சென்னை என்பது நமக்கே பல பேருக்குத் தெரியாது. செந்தில்குமாரும் ஜெயேந்திராவும் 1986-ல் தொடங்கிய ரியல் இமேஜ் நிறுவனம்தான் பின்னாளில் 'கியூப்' ஆனது. படம் தொடங்குமுன் திரையில் வரும் அந்தப் பெயர் வெளிநாட்டுக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் திருத்திக்கொள்ளலாம். 'மகாநதி' (1994) கணினியில் எடிட்டிங், 'குருதிப்புனல்' (1995) டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர்., 'கருப்பு ரோஜா' (1996) டி.டி.எஸ்., 'சிவாஜி 3டி' (2012) டால்பி அட்மாஸ் என்று இந்தியாவின் 'முதல்' பட்டியலில் தமிழ்ப் படங்கள் வரிசையாக நிற்கின்றன. 'கருப்பு ரோஜா'வின் கதை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ, போஸ்டரில் இருந்த டி.டி.எஸ். என்ற மூன்று எழுத்து நன்றாகவே ஞாபகம் இருக்கும்.

★ அந்த டி.டி.எஸ். ஒலி ஃபிலிமில் இல்லவே இல்லை! ஃபிலிம் ஓரத்தில் புள்ளியும் கோடுமாக ஒரு நேரக்குறியீடு மட்டும் அச்சாகியிருக்கும். ஒலி முழுக்கத் தனி சி.டி.யில். புரொஜெக்டர் அந்தக் குறியீட்டைப் படித்துச் சொல்லச் சொல்ல, பக்கத்துப் பெட்டியில் சி.டி. ஓடும். 1993-ல் 'ஜுராசிக் பார்க்' டைனோசர் உறுமியது இப்படித்தான். ஆபரேட்டர் தப்பித்தவறி வேறு படத்தின் சி.டி.யைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பயப்பட வேண்டாம், ஒவ்வொரு படத்துக்கும் தனி அடையாள எண் உண்டு. போட்டியாளரான டால்பி வேறு வழி பிடித்தது: ஃபிலிம் ஓரத்துத் துளைகளுக்கு இடையே இருந்த துளி இடத்தில் டிஜிட்டல் தகவலை அச்சடித்தது.

ஆக, தியேட்டருக்குள் டிஜிட்டல் முதலில் ஒலியாகத்தான் நுழைந்தது. படம் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துப் பின்னாலேயே வந்தது.

★ படம் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம் என்ற யோசனையும் புதிதில்லை. 1926-ல் வார்னர் பிரதர்ஸ் 'வைட்டாஃபோன்' என்ற முறையைக் கொண்டுவந்தது. புரொஜெக்டரோடு பூட்டிய 16 அங்குல இசைத்தட்டு படத்துக்கு ஒலி தந்தது. 1,000 அடி ரீல் ஓட 11 நிமிடம். தட்டின் ஒரு பக்கமும் 11 நிமிடம் வர வேண்டும். அன்றைய இசைத்தட்டுகளின் 78 சுற்று வேகத்தில் அது நடக்காது என்பதால் வேகத்தை நிமிடத்துக்கு 33⅓ சுற்றாகக் குறைத்தார்கள். படங்களில் ஒலி ஃபிலிமிலேயே ஏறியதும் வைட்டாஃபோன் செத்தது. வேகம் மட்டும் சாகவில்லை. 1948-ல் கொலம்பியா எல்.பி. ரெக்கார்டு வெளியிட்டபோது அதே 33⅓. நம் வீட்டு அலமாரியில் தூங்கும் எல்.பி.யின் வேகம் தியேட்டர் ரீல் போட்ட கணக்கு.

★ படத்துக்கும் பாட்டுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் அத்தோடு முடியவில்லை. சி.டி.யில் ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து பதிகிறார்கள். அது என்ன நாற்பத்து நான்காயிரத்து நூறு? எழுபதுகளின் பிற்பகுதியில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்கும் அளவுக்கு இடம் இருந்தது வீடியோ டேப்பில்தான். அமெரிக்க, ஜப்பானிய டி.வி. முறையில் விநாடிக்கு 60 புலங்கள் (அரை ஃபிரேம்கள்), புலத்துக்குப் பயன்படுத்தக்கூடிய 245 கோடுகள், கோட்டுக்கு 3 அளவுகள். பெருக்கிப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் 50 × 294 × 3. அதுவும் அதே விடை! 1982-ல் சி.டி. கடைக்கு வந்தபோது அந்த எண்ணும் கூடவே வந்தது.

★ இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. உலகின் முதல் டிஜிட்டல் கேமரா தன் படத்தைச் சேமித்தது பாட்டு கேசட்டில்! 1975-ல் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த கேமரா அது. பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கேசட்டில் ஏற 23 விநாடி ஆனது. ஃபிலிம் விற்றுப் பிழைத்த கோடக் அப்போது இதை வைத்துக்கொண்டு பெரிதாக எதுவும் செய்யவில்லை. 2012-ல் திவால் மனு கொடுத்தது.

★ நம் ஊரில் 'பாட்டு வாங்குவது' என்பது ஒரு காலத்தில் தியேட்டர் வாசலிலேயே நடந்தது. பாட்டுப் புத்தகம்! சில பைசாவுக்குக் கதைச்சுருக்கமும் பாடல் வரிகளும் சேர்ந்து கிடைக்கும். மெட்டை நீங்கள்தான் மனசில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். டூரிங் டாக்கீஸ் கூம்பு ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு ரெக்கார்டு போட்டால், படம் தொடங்கப் போகிறது என்று சுற்றுவட்டாரமே வேலையை முடித்துக்கொண்டு கிளம்பும்.

★ அப்புறம் கேசட். பிலிப்ஸ் நிறுவனத்தின் லூ ஓட்டன்ஸ் குழு 1963-ல் கொண்டுவந்தது. எண்பதுகளில் தமிழ்நாட்டு வீதிகளுக்கு வந்தபோது அது தனக்கென்று ஒரு தொழிலையே உண்டாக்கியது: ரெக்கார்டிங் சென்டர். நோட்டுப் புத்தகத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு, 60 அல்லது 90 நிமிட வெற்று கேசட்டோடு போவீர்கள். "ரெண்டு நாள் கழிச்சு வாங்க தம்பி" என்பார் கடைக்காரர். எந்தப் பாட்டுக்கு அப்புறம் எது வர வேண்டும், ஏ சைடின் கடைசியில் மூன்று நிமிடம் மிச்சமிருந்தால் அதில் எதைத் திணிக்கலாம் என்பதில் அவர் ஒரு விற்பன்னர். உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு பாட்டை "இது கேளுங்க, நல்லாருக்கும்" என்று சேர்த்துக் கொடுப்பார். இன்று ஆப்பில் அல்காரிதம் செய்கிற அந்த வேலையை அவர் டீ குடித்துக்கொண்டே செய்தார். பெரும்பாலும் இன்னும் நன்றாகச் செய்தார் என்பது என் கட்சி. காப்புரிமைச் சட்டப்படி அது சரியா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த தலைமுறை பிளாட்ஃபார எம்.பி.3 சி.டி. ஒரே வட்டில் நூற்றைம்பது பாட்டு, இளையராஜா ஹிட்ஸ், எஸ்.பி.பி. சோகம், அம்மன் பாடல்கள். அதற்கும் அடுத்தது மொபைல் கடையில் மெமரி கார்டு. "எவ்ளோ ஜி.பி.?" என்று மட்டும் கேட்பார்கள், பாட்டின் பெயர் கேட்க மாட்டார்கள். பாட்டை எண்ணிக்கையில் வாங்கிய நாம் எடையில் வாங்க ஆரம்பித்தது அங்கேதான்.

★ படத்தைப் பார்க்காமல் கேட்கவும் வாங்கினோம்! 'திருவிளையாடல்' போன்ற படங்களின் கதை வசனம் ஒலிச்சித்திரமாக ரெக்கார்டிலும் கேசட்டிலும் விற்றது. கல்யாண வீட்டு மைக் செட்டில் தருமியும் நக்கீரரும் வாதாடாத ஊர் இல்லை.

★ எம்.பி.3-ஐ உருவாக்கியவர்களில் முக்கியமானவரான ஜெர்மன் பொறியாளர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகா பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் தன் முறையைச் செதுக்கினார். பக்கவாத்தியமே இல்லாத வெறும் குரல். ஒளிந்துகொள்ள இடம் இல்லாததால், சுருக்குவதில் வரும் ஒவ்வொரு பிசிறும் காதில் குத்தியது. 1995 ஜூலை 14 அன்று கோப்புப் பெயரின் கடைசியில் 'எம்.பி.3' என்று போடுவதாக முடிவானது. நான்கே ஆண்டில், பாட்டுக் கோப்புகளை இணையத்தில் ஒருவருக்கொருவர் பகிர வைத்த நாப்ஸ்டர் வந்தது. காசில்லாமல் பாட்டு என்பது உலகப் பழக்கமானது. 2001 ஜூலையில் நீதிமன்ற உத்தரவால் நாப்ஸ்டரை மூடினார்கள், பழக்கத்தை மூட முடியவில்லை.

★ 2003 ஏப்ரல் 28 அன்று ஆப்பிள் ஐடியூன்ஸ் கடையைத் திறந்தபோது உள்ளே இரண்டு லட்சம் பாட்டுகள். ஒரு பாட்டு 99 சென்ட். முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டு விற்றது. ஒரு நல்ல பாட்டுக்காக ஒன்பது சுமார் பாட்டுகளையும் சேர்த்து ஆல்பமாக வாங்க வைத்த வியாபாரம் அந்த வாரத்தோடு ஆட்டம் கண்டது.

★ காலர் டியூனை நினைத்துப் பாருங்கள். மாதம் 30 ரூபாய் அளவுக்குக் காசு கட்டுவது நாம், கேட்பது நம்மைக் கூப்பிடுகிறவர். இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய ஆண்டுகளில் இந்திய இசை நிறுவனங்களைத் தூக்கி நிறுத்திய வருமானங்களில் இந்த விநோத வியாபாரமும் ஒன்று. பாட்டை வாடகைக்கு எடுக்கும் பழக்கம் நமக்கு வந்தது அதில்தான்.

★ 2012-ல் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு வேடிக்கையான கோடு போட்டிருக்கிறார்கள். தியேட்டரில் படத்தோடு சேர்த்துப் பாட்டு ஒலித்தால் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் தனி ராயல்டி கிடையாது. அதே பாட்டு போனில், டி.வி.யில், ஆப்பில், ரேடியோவில் என்று தியேட்டருக்கு வெளியே ஒலித்தால் அவர்களுக்குப் பங்கு உண்டு. அந்த உரிமையைத் தயாரிப்பாளருக்கோ இசை நிறுவனத்துக்கோ எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. இதற்காக நாடாளுமன்றத்தில் வாதாடியவர்களில் முக்கியமானவர் பாடலாசிரியரும் அன்றைய மாநிலங்களவை உறுப்பினருமான ஜாவேத் அக்தர். பாட்டு ஒலிக்கும் இடத்தில் சுவர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து கவிஞரின் வருமானம்!

★ ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு பாட்டு 'கேட்கப்பட்டது' என்று கணக்கில் ஏறும். இருபத்தொன்பதாவது விநாடியில் அடுத்ததற்குத் தாவினால் ஒன்றும் இல்லை. இதுவும் ஒரு காரணமாக உலகம் முழுக்கப் பாட்டுகளின் முன்னிசை சுருங்கி, குரல் சீக்கிரமே வந்துவிடுகிறது. எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் வயலின் கூட்டம் நிதானமாக ஊர்வலம் போய், புல்லாங்குழல் ஒன்று எட்டிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் பாடகர் வாய் திறப்பார். அந்த நிதானத்துக்கு இந்த மீட்டரில் இடமில்லை.

★ 2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதத்துக்கும் மேலாகப் புதிய தமிழ்ப் படம் எதுவும் வெளியாகவில்லை. தயாரிப்பாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது, நடிகர் சம்பளத்துக்காக இல்லை, 'வி.பி.எஃப்.' என்ற கட்டணத்துக்காக. டிஜிட்டல் புரொஜெக்டரின் விலை அதிகம், வாங்குவது தியேட்டர், மிச்சம் பிடிப்பது பிரின்ட் செலவு இல்லாத தயாரிப்பாளர். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் தயாரிப்பாளர் தரப்பு ஒரு தொகை கட்டி அந்தக் கருவியின் கடனை அடைக்க உதவ வேண்டும் என்பது உலகம் முழுக்க இருந்த ஏற்பாடு. கருவியின் விலை வசூலான பிறகும் ஏன் கட்ட வேண்டும் என்று நம் தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். இடையில் விளம்பரம் போட்டு வரும் காசு யாருக்கு என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. அரசு உட்கார்ந்து பேசிய பிறகு தீர்ந்தது. அதன் பின் ஏப்ரல் 20 அன்று தமிழ்நாட்டில் வெளியான படம் கார்த்திக் சுப்பராஜின் 'மெர்க்குரி'. அத்தனை பேச்சுவார்த்தைக்கும் பிறகு வந்தது வசனமே இல்லாத படம்!

★ செல்போனை ஒளித்து வைத்துத் திரையைப் படம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். திரையில் ஓடும் காட்சிக்குள் கண்ணுக்குத் தெரியாத ரகசிய முத்திரை ஒன்று கலந்திருக்கிறது. மொத்தம் 35 பிட். அதில் 19 பிட் எந்தத் தியேட்டர் என்பதற்கு, 16 பிட் எந்த நாள் எந்த நேரம் என்பதற்கு. திருட்டுப் பதிப்பில் ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும், எங்கே எப்போது எடுத்தது என்று சொல்லிவிடலாம்.

★ ஃபிலிம் காலத்தில் ஆபரேட்டரும் ஒரு எடிட்டர்தான். கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்றால் ஒரு பாட்டு காணாமல் போகும். அறுந்த துண்டுகள் பையன்கள் கைக்கு வரும். தண்ணீர் நிரப்பிய குண்டு பல்பும் முகம் பார்க்கும் கண்ணாடியும் இருந்தால் வீட்டுச் சுவரில் எம்.ஜி.ஆர். தெரிவார். டிஜிட்டலில் ஆபரேட்டருக்குக் கத்தரி கிடையாது, அது தயாரிப்பாளர் கைக்குப் போய்விட்டது. முழுப் படத்தையும் மறுபடி அனுப்பாமல், மாறிய பகுதிக்கு மட்டும் சின்னத் திருத்தக் கோப்பு அனுப்பலாம். 'இந்தியன் 2' (2024) வெளியாகி இரண்டே நாளில் 12 நிமிடம் இளைத்தது. முதல் நாள் பார்த்தவரும் மூன்றாம் நாள் பார்த்தவரும் பார்த்தது ஒரே படம்தானா என்று பட்டிமன்றமே வைக்கலாம்.

★ தியேட்டரைத் தாண்டிப் படம் நேராக வீட்டுக்கு வரும் சண்டையை முதலில் தொடங்கியவர் கமல்ஹாசன். 'விஸ்வரூபம்' படத்தைத் தியேட்டருக்கு முன்பே டி.டி.எச்.-ல் காட்டப் போகிறேன் என்றார், தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள், 2013-ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2015-ல் சேரன் 'சினிமா டு ஹோம்' என்று 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேரடியாக டி.வி.டி.யில் விற்றுப் பார்த்தார். இரண்டுமே சில ஆண்டுகள் முந்திக்கொண்ட யோசனைகள். 2020 மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' அமேசான் பிரைமில் நேராக வந்தபோது கொரோனா ஊரைப் பூட்டி வைத்திருந்தது. மறு ஆண்டுப் பொங்கலுக்குத் தியேட்டருக்குக் கூட்டம் திரட்டிய 'மாஸ்டர்', பதினாறே நாளில் வீட்டு டி.வி.க்கு வந்துவிட்டது.

★ அதே டிஜிட்டல்தான் பழைய படங்களைத் தியேட்டருக்குத் திருப்பி அழைத்து வந்ததும். 1964-ன் 'கர்ணன்' தூசு தட்டி, ஒலி மெருகேற்றி 2012 மார்ச்சில் வெளியாகி நூறு நாளைத் தாண்டியது. சிவாஜி வந்தால் எம்.ஜி.ஆர். வராமல் இருப்பாரா? 2014-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தது. 2024-ல் 'கில்லி'க்குக் கூடிய கூட்டத்தில், படம் முதலில் வந்தபோது பிறந்தே இராதவர்கள் ஏராளம்.

★ டிஜிட்டல் என்றால் அழியாது என்று நினைப்பவர்களுக்கு: 1998-ல் 'டாய் ஸ்டோரி 2' தயாரிப்பில் இருந்தபோது யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் மளமளவென்று அழிந்தன. காப்புப் பிரதியும் சரியாக வேலை செய்யவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனின் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் பிழைத்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். ஆஸ்கர் அகாடமியின் 2007 அறிக்கைக் கணக்கு இன்னும் சுவாரசியம்: ஒரு படத்தின் ஃபிலிம் மாஸ்டரைப் பாதுகாக்க ஆண்டுக்கு 1,059 டாலர், அதையே 4கே டிஜிட்டலாகப் பாதுகாக்க 12,514 டாலர். ஃபிலிமைக் குளிர் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினால் போதும். ஹார்ட் டிஸ்க்கைச் சில ஆண்டுக்கு ஒரு தடவை புதிதுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

★ 'ஓப்பன்ஹைமர்' (2023) ஐமேக்ஸ் 70 எம்.எம். பிரின்ட் ஒன்றின் நீளம் 11 மைல், எடை 600 பவுண்ட். உலகில் முப்பது தியேட்டர்கள்தான் அதை ஓட்டின. அந்த ராட்சதச் சுருளைச் சுற்றும் கருவியைக் கட்டுப்படுத்தியது எது தெரியுமா? 2002-ம் ஆண்டு பாம் பைலட் கையடக்கக் கணினியின் மென்பொருள். பாம் பைலட் வழக்கொழிந்துவிட்டதால், அதைப் போலவே நடிக்கும் ஒரு டேப்லட்டைப் பொருத்தி ஓட்டினார்கள்.

★ 2022-ல் அமெரிக்காவில் எல்.பி. ரெக்கார்டுகள் 4.1 கோடி விற்றன, சி.டி.க்கள் 3.3 கோடி. 1987-க்குப் பிறகு ரெக்கார்டு முந்தியது அதுதான் முதல் தடவை. நம் ஊரில் பழைய பாட்டு ஏக்கத்துக்கு வேறு மருந்து கண்டுபிடித்தார்கள்: சரிகம இசை நிறுவனம் 2017-ல் கொண்டுவந்த 'கார்வான்'. பார்க்க அந்தக் கால ரேடியோ, உள்ளே 5,000 பாட்டுகள். ஆப் இல்லை, பாஸ்வேர்டு இல்லை, குமிழைத் திருகினால் பாட்டு. தாத்தா பாட்டிக்குப் பேரன்கள் வாங்கிக் கொடுத்தே அது விற்றுத் தீர்ந்தது.

★ பழைய கேசட்டை நீங்கள் யாருக்கும் விற்கலாம். ஐடியூன்ஸில் காசு கொடுத்து வாங்கிய பாட்டை? 'ரீடிஜி' என்ற நிறுவனம் 2011-ல் அப்படி ஒரு பழைய பாட்டுச் சந்தையைத் திறந்தது. கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸ் வழக்குப் போட்டது. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பாட்டு போகும்போது புதிய பிரதி உண்டாகிறது, அது நகலெடுப்புதான் என்று 2013-லும், மேல்முறையீட்டில் 2018-லும் தீர்ப்பானது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் இன்னொரு சட்டம்: வாடிக்கையாளருக்குக் கிடைப்பது உரிமம் மட்டும் என்று தெளிவாகச் சொல்லாமல், டிஜிட்டல் சரக்குக்கு 'வாங்குங்கள்' என்று பட்டன் வைக்கக் கூடாது. தியேட்டர்காரர் கே.டி.எம்.முக்குக் காத்திருப்பதைப் பார்த்துச் சிரித்தோமே, நம் போனில் இருக்கும் ஆயிரம் பாட்டுகளும் அதே ரகம்தான். மாதச் சந்தா கட்டத் தவறிய மறுநாள் தெரியும்.

★ இசை வெளியீட்டு விழா மட்டும் மாறவில்லை. மேடையில் இன்னமும் ஒருவர் வெளியிட, இன்னொருவர் பெற்றுக்கொள்கிறார். எதை என்று யாரும் கேட்பதில்லை.

★ 'ஒய் திஸ் கொலவெறி' யூடியூபுக்கு வந்தது 2011 நவம்பர் 16. 'மாரி 2' படத்தின் 'ரவுடி பேபி' யூடியூபில் நூறு கோடிப் பார்வைகளைத் தொட்ட செய்தி வந்தது 2020-ல், அதுவும் நவம்பர் 16 அன்றே! இரண்டையும் பாடிய தனுஷே இந்தத் தேதிப் பொருத்தத்தை ட்விட்டரில் எழுதி மகிழ்ந்தார்.